திருவிழாக் கடைத் தகரப் படகு: வாங்கலாம், போர்வெல் தண்ணீர் மட்டும் வேண்டாம்

கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சி, தர்மபுரிப் பக்கத்துத் தேர்த்திருவிழா என்று பொம்மைக் கடை விரிக்கும் இடங்களில் பார்க்கலாம், ‘டப டப’ என்று ஓடும் இந்தத் தகரப் படகை. பேரம் பேசினால் நூறு ரூபாய்க்குள் படியும்.

அட்டைப்பெட்டியில் துடுப்புச் சக்கரக் கப்பல் படம். அது 1807-இல் நியூயார்க்கிலிருந்து ஆல்பனிக்கு அமெரிக்கர் ராபர்ட் ஃபுல்டன் ஓட்டிய நீராவிக் கப்பல் வகை. இதற்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. இதற்குத் தாத்தா இன்னொரு அமெரிக்கரான ஜேம்ஸ் ரம்சியின் படகு. 1787 டிசம்பரில் பொட்டோமாக் ஆற்றில், நீராவிப் பம்பால் தண்ணீரை உறிஞ்சிப் பின்பக்கம் பீய்ச்சி ஓட்டினார். 1891-இல் தாமஸ் பியோ காப்புரிமை வாங்கிய இந்த வகைப் பொம்மைக்குப் பம்பும் தேவையில்லை. சின்ன எண்ணெய் விளக்கின் சூட்டில் படகுக்குள் இருக்கும் தகர டப்பியில் ஆவி கிளம்பி, அதிலிருந்து பின்பக்கம் போகும் இரண்டு குழாய்களிலுள்ள நீரைப் பின்னே தள்ளும். ஆவி குளிர்ந்ததும் நீர் திரும்ப ஏறும். போகும்போது நேராகப் பாய்கிறது, வரும்போது நாலாபக்கமிருந்தும் வருகிறது. அதனால் படகு முன்னே மட்டும் நகர்கிறது. டப்பியின் மெல்லிய மேல்தகடு அமுங்கி எழுவதுதான் சத்தம்.

பெட்டிக்குள் செய்முறைத் தாள் இல்லை, பெரிய குறை. ஊசியில்லாத சிரிஞ்சால் ஒரு குழாயில் தண்ணீர் செலுத்துங்கள். மற்றதில் குமிழி இல்லாமல் வழிய வேண்டும். இரண்டு வாயையும் விரலால் மூடியபடியே படகைத் தொட்டியில் இறக்கி, குழாய் முனைகள் மூழ்கியபின் விரலை எடுங்கள். பிறகுதான் விளக்கு. மெல்லிய பஞ்சுத் திரி, சில சொட்டு எண்ணெய் போதும். ஓரிரு நிமிடத்தில் சத்தம் வராவிட்டால் உள்ளே காற்று நிற்கிறது. அணைத்து, ஆறவிட்டு, மறுபடி நிரப்புங்கள். தண்ணீரில்லாமல் சூடேற்றினால் பற்றவைத்த ஈயம் உருகி, டப்பி ஒழுகும். அதோடு சரி.

நம் பக்கத்து போர் தண்ணீர் உப்பும் சுண்ணாம்புமாக இருக்கும். மெல்லிய குழாய் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். ஆர்ஓ தண்ணீரோ மழைத்தண்ணீரோ ஊற்றுங்கள். அடைத்துவிட்டால் எலுமிச்சைச் சாறு நிரப்பிச் சிறிது நேரம் வைத்து, நன்றாக அலசுங்கள். ஓட்டி முடித்ததும் நீரை வடித்து வைக்காவிட்டால் துரு தின்றுவிடும்.

தகர விளிம்பு கையைக் கிழிக்கும். உப்புத்தாளால் தேய்த்துக் கொடுங்கள். ஈயப் பற்று இருப்பதால், எதையும் வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைகளுக்கு இது வேண்டாம்.