வாஷிங்டன் மாநில மூலதன ஆதாய வரி: ‘மை டிஓஆர்’ தாக்கல் சேவை எப்படி?

2021இல் சட்டமாகி, 2023 மார்ச்சில் மாநில உச்ச நீதிமன்றத்தையும் 2024 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பையும் தாண்டி நிற்கும் வரி இது; பங்கு, பத்திரம் போன்றவற்றை விற்ற லாபத்துக்கு விதிப்பது. ‘வருமான வரிக்குக் கொல்லைப்புற வழி’ என்ற முணுமுணுப்பு மட்டும் ஓயவில்லை.

தாக்கல் செய்வது மாநில வருவாய்த் துறையின் ‘மை டிஓஆர்’ இணையதளத்தில். அமெரிக்க மத்திய அரசுக்குத் தரும் வருமான வரிப் படிவத்தின் நகலையும் இணைக்க வேண்டும். பலர் சறுக்குவது கெடுவில்தான்: மத்திய அரசிடம் நீட்டிப்பு வாங்கினால் படிவத்துக்குத்தான் அவகாசம், பணத்தை ஏப்ரலிலேயே கட்டியாக வேண்டும்.

2024 ஆதாயத்தில் 2,70,000 டாலர் வரை கழிவு, அதற்கு மேல் 7%. 2025 முதல், வரிக்குரிய ஆதாயம் 10 லட்சம் டாலரைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு 9.9%. வீடு, நிலம் விற்ற லாபத்துக்கு விலக்கு உண்டு. ஓராண்டுக்குள் வாங்கி விற்ற பங்கும் இதில் வராது. வரி இல்லையென்றால் படிவமே வேண்டாம். இதற்காகவே ஒரு நட்சத்திரம் கூடுதலாகத் தரலாம்.