பெரிய கம்பெனி ப்ரோக்ரெசிவ் லென்ஸ்னு காசு வாங்கிட்டு எதையோ மாட்டி குடுத்துட்டாங்க, கண்ணாடி போட போறவங்க படிச்சிட்டு போங்க

வெள்ளெழுத்து வந்து ப்ரோக்ரெசிவ் (தூரத்துக்கும் படிக்கறதுக்கும் ஒரே லென்ஸ், நடுவுல கோடு தெரியாது) போடலாம்னு இருக்கறவங்க இதை முழுசா படிச்சிடுங்க. கடை பேர் கேக்காதீங்க, புகார் குடுத்துருக்கேன், இப்போதைக்கு சொல்ல முடியாது.

எனக்கு ஏற்கனவே கிட்டப்பார்வை, இப்ப படிக்கிறதுக்கும் பவர் வந்துருச்சு. டாக்டர் சீட்டுல தூரத்துக்கு மைனஸ், கீழ ஆட் (படிக்கறதுக்காக கூட சேக்கற பவர்) +2.00னு இருந்துச்சு. ரெண்டு கண்ணாடிய மாத்தி மாத்தி போட பொறுமை இல்ல, பைஃபோகல்ல (மேல தூரம், கீழ படிக்கனு ரெண்டா பிரிச்ச லென்ஸ்) அந்த கோடு தெரியறது பிடிக்காது, அதான் ப்ரோக்ரெசிவ்னு முடிவு பண்ணேன். கடையில நல்லா பேசுனாங்க, பெரிய கம்பெனி லென்ஸ் மேடம், அதுலயும் மேல் கிரேடு, படிக்கிற ஏரியா அகலமா இருக்கும்னு சொல்லி, கூடவே ப்ளூ கட்டுக்கும் (ஸ்க்ரீன்ல வர்ற நீல வெளிச்சத்த தடுக்கும்னு சொல்லி விக்கிறது) தனியா காசு போட்டாங்க.

அந்த ப்ளூ கட் பேனா வித்தை பாத்திருப்பீங்க. சாதா லென்ஸ்ல அடிச்சா வெளிச்சம் தாண்டி போகும், அவங்க லென்ஸ்ல அடிச்சா நின்னுடும். அந்த பேனால வர்றது பெரும்பாலும் 405 நானோமீட்டர் ஊதா வெளிச்சம், நம்ம போன், கம்ப்யூட்டர் ஸ்க்ரீன்ல வர்ற நீலம் 450 பக்கத்துல இருக்கும். ஸோ அது பேனாவ நிறுத்துதுன்னு மட்டும்தான் அர்த்தம். 2023ல காக்ரேன்னு மருத்துவ ஆய்வுகள சேத்து அலசுற அமைப்போட ஆளுங்க 17 ஆய்வ சேத்து வச்சு பாத்துட்டு, குறைஞ்ச காலத்துக்கு போட்டு பாத்ததுல சாதா லென்ஸ விட ப்ளூ கட்டுல கண் சோர்வு குறையுற மாதிரி தெரியலன்னு எழுதிட்டாங்க. இன்னும் அதே பேனாவ வச்சு வித்துட்டு இருக்காங்க, என்னத்த சொல்ல.

சரி மெயின் மேட்டருக்கு வர்றேன். ப்ரோக்ரெசிவ்ல மேல தூரம், நடுவுல கம்ப்யூட்டர் தூரம், கீழ படிக்கிற இடம், மூணையும் இணைக்கிற ஒரு ஒடுக்கமான பாதை, அதுக்கு ரெண்டு பக்கமும் கொஞ்சம் மங்கலாதான் இருக்கும், எவ்வளவு காஸ்ட்லி லென்ஸா இருந்தாலும் அது முழுசா போகாது. அதனால கண் பாப்பாவுக்கு நேரா லென்ஸோட சரியான இடம் வந்து உக்காரணும். அதுக்கு நாம எடுத்த ஃப்ரேமையே மூஞ்சில மாட்டி, மூக்கு பேட அட்ஜஸ்ட் பண்ணி, அதுல இருக்கற டம்மி லென்ஸ் மேல மார்க்கர்ல புள்ளி வச்சு, மூக்கு நடுவுல இருந்து ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியா தூரம், ஃப்ரேமோட கீழ இருந்து உயரம், எல்லாம் அளக்கணும். எனக்கு இதுல ஒண்ணு கூட பண்ணல. கம்ப்யூட்டர் டெஸ்ட் சீட்டுல இருந்த பிடி நம்பர (ரெண்டு பாப்பாவுக்கும் நடுவுல உள்ள தூரம்) எழுதிக்கிட்டாங்க, அவ்வளவுதான்.

கண்ணாடி வந்துச்சு, போட்டா படி இறங்க பயமா இருக்கு, எதையாவது படிக்கணும்னா கோழி தண்ணி குடிக்கிற மாதிரி தலைய தூக்கணும். திரும்ப போனா "பழகிடும் மேடம்". புது ப்ரோக்ரெசிவ் பழக கொஞ்ச நாள் ஆகும்ங்கறது உண்மைதான், ஆனா பழகுறதுக்கும் தப்பா மாட்டி இருக்கறதுக்கும் வித்தியாசம் இருக்குல்ல. மறுபடி போனா பவர் பாக்குற மெஷின்ல வச்சு காட்டி எல்லாம் கரெக்டா இருக்குன்னாங்க. அவங்க காட்டுனது மேல இருக்கற தூர பவர மட்டும்தான்.

அப்புறம் வேற இடத்துல ஒரு ஆப்டோமெட்ரிஸ்ட்கிட்ட (கண் பவர் பாக்குறவங்க) காட்டுனேன். அவங்க லென்ஸ் மேல லேசா ஆவி ஊதி, கருப்பு துணிக்கு முன்னாடி வெளிச்சத்துல சாய்ச்சு பாத்தாங்க. ப்ரோக்ரெசிவ் லென்ஸ்ல கண்ணுக்கு சட்டுனு தெரியாத மாதிரி ரெண்டு சின்ன குறி செதுக்கி இருக்குமாம், வழக்கமா ரெண்டுக்கும் நடுவுல 34 மில்லிமீட்டர். காது பக்க குறிக்கு கீழ ஆட் நம்பர், மூக்கு பக்கம் கம்பெனி குறி. என் லென்ஸ்ல ஆட் சரியா 20னு, அதாவது +2.00னு இருந்துச்சு, கம்பெனி குறி மட்டும் பில்லுல போட்ட கம்பெனியோடது இல்ல, யாரோ பேர் தெரியாத ஆளோடது. அந்த ரெண்டு குறிய வச்சு அளந்து பாத்ததுல பாப்பாவுக்கு நேரா வர வேண்டிய புள்ளி ரெண்டு கண்ணுலயும் 5 மில்லிமீட்டர் கீழ இறங்கி இருக்கு. கழுத்து வலிக்காம என்ன செய்யும்.

இதோட கண்ணாடி வாங்குன கடைக்கே போய் கேட்டா மொதல்ல "ரெண்டும் ஒரே குவாலிட்டி"ன்னாங்க, அப்புறம் "உங்களுக்குன்னு செஞ்ச லென்ஸ், ரிட்டர்ன் கிடையாது"ன்னாங்க. லென்ஸ் வந்த பேப்பர் கவர காட்டுங்கன்னு கேட்டேன், தூக்கி போட்டாச்சாம். அந்த கவர்ல லென்ஸ் பேர், பவர், ஆட், இண்டெக்ஸ் (லென்ஸ் மெட்டீரியல் வெளிச்சத்த எவ்வளவு வளைக்கும்ங்கற நம்பர்) எல்லாம் பிரிண்ட் ஆகி வரும். நீங்க ஆர்டர் குடுக்கும்போதே கவரும் எனக்கு வேணும்னு சொல்லி, பில்லுல லென்ஸோட முழு பேரையும் எழுத சொல்லுங்க. என் பில்லுல கம்பெனி பேராவது இருந்ததாலதான் புகாரே குடுக்க முடிஞ்சுது.

சந்தேகம் வந்து அங்கயே முன்னாடி வாங்குன கூலிங் கிளாஸையும் செக் பண்ணேன், போலரைஸ்டுன்னு (ரோடு, தண்ணில பட்டு வர்ற கண் கூசுற வெளிச்சத்த குறைக்கிறது) சொல்லி குடுத்தது. லேப்டாப் ஸ்க்ரீன் முன்னாடி புடிச்சு மெதுவா சுத்தி பாருங்க, போலரைஸ்டா இருந்தா ஒரு கோணத்துல ஸ்க்ரீன் கருத்துடும். என்னோடது எப்படி திருப்புனாலும் ஒரே மாதிரி. வெறும் கருப்பு கண்ணாடி. அதுல யூவி 400 (400 நானோமீட்டர் வரைக்கும் புற ஊதா கதிர தடுக்கும்னு அர்த்தம்) ஸ்டிக்கர் வேற ஒட்டி இருக்கு, அதையாவது நம்பலாமான்னு மீட்டர் வச்சிருக்கற இடத்துல பாக்கணும். கண்ணாடி கருப்பா இருக்கறதுக்கும் யூவி தடுக்கறதுக்கும் சம்பந்தம் கிடையாது, கருப்பா மட்டும் இருந்துச்சுன்னா உள்ள பாப்பா இன்னும் விரிஞ்சு யூவி அதிகமா போறதுக்கு வாய்ப்பிருக்கு.

லென்ஸ் கம்பெனிக்கு ரெண்டு லென்ஸோட குறியையும் போட்டோ எடுத்து பில்லோட அனுப்பி இருக்கேன். குறிய போட்டோ எடுக்கறது பெரிய பாடு, போன் டார்ச்ச பக்கவாட்டுல அடிச்சா கொஞ்சம் தெரியுது. பதில் வந்ததும் கீழ அப்டேட் பண்றேன்.