டெக்சாஸின் வாக்காளர் அட்டைச் சண்டை: லத்தீனோ அமைப்புகள் எதை எதிர்த்தன?

ஓட்டுப் போட அடையாள அட்டை கேட்டால் என்ன தப்பு? அமெரிக்க லத்தீனோக்களிடம் (லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரிடம்) கேட்டால் பெரும்பாலோர் ‘ஒரு தப்பும் இல்லை’ என்றுதான் சொல்வார்கள். கருத்துக்கணிப்புகள் இதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அப்படியிருக்க, 1929-இல் தொடங்கிய லூலாக் மாதிரி மூத்த லத்தீனோ அமைப்பு ஏன் வழக்குப் போட்டது? டெக்சாஸின் இரண்டு சட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விளங்கும்.

முதலில் 2011-ஆம் ஆண்டுச் சட்டம். ஓட்டுப் போடப் படம் போட்ட அட்டை கட்டாயம் என்றது அது. ஹூஸ்டனின் ‘ட்ரூ த வோட்’ போன்ற அமைப்புகள் இதன் பக்கம் நின்றன. ஒருவர் பெயரில் இன்னொருவர் ஓட்டுப் போட்டால் நேர்மையான ஓட்டு ஒன்று செல்லாமல் போகிறது என்பது அவர்கள் வாதம். கவலை நியாயமானதுதான். ஆனால் அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் பதிவான சுமார் 2 கோடி ஓட்டுகளில், இப்படி ஆள்மாறாட்டம் செய்ததாகத் தண்டனை பெற்றவர்கள் இரண்டே பேர்.

எந்த அட்டை செல்லும் என்ற பட்டியலில்தான் வினை இருந்தது. துப்பாக்கி உரிமம் செல்லும்; அரசுப் பல்கலைக்கழக மாணவர் அட்டை செல்லாது. அட்டை இல்லாதவருக்கு அரசு இலவசமாகத் தருவதாகச் சொன்ன சான்றிதழுக்குப் பிறப்புச் சான்று வேண்டும். மெக்சிகோ எல்லையை ஒட்டிய ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் மருத்துவச்சி கையில் வீட்டிலேயே பிறந்தவர்கள் ஏராளம். அவர்களுடைய பிறப்புப் பதிவு தாமதமாகியிருக்கும், அல்லது அதிகாரிகள் அதைச் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். அப்பா வழி, அம்மா வழி என இரண்டு குடும்பப் பெயர் வைப்பது வேறு வழக்கம். ஓர் ஆவணத்தில் இரண்டும் இருக்கும், மற்றதில் ஒன்றுதான் இருக்கும். சில ஊர்களிலிருந்து சான்றிதழ் தரும் அலுவலகத்துக்குப் போய்வர 200 மைலுக்கும் மேல். கார் இல்லாத வயதானவர் என்ன செய்வார்?

2013 ஜூன் 25 அன்று உச்ச நீதிமன்றம் வாக்குரிமைச் சட்டத்தின் முன்அனுமதி ஏற்பாட்டை (டெக்சாஸ் போன்ற மாநிலங்கள் தேர்தல் விதிகளை மாற்றுமுன் மத்திய அரசிடமோ நீதிமன்றத்திடமோ அனுமதி பெற வேண்டும் என்ற விதியை) முடக்கியதும், அன்றே இந்தச் சட்டத்தை அமலாக்குவதாக மாநிலம் அறிவித்தது. லூலாக்கும், பள்ளத்தாக்கில் வேலை செய்யும் லூபே அமைப்பும் வழக்கில் வாதிகளாக இருந்தன. 2014-இல் டெக்சாஸின் கார்பஸ் கிறிஸ்டி நகரிலுள்ள மத்திய நீதிமன்றம் கண்டது: பதிவான வாக்காளர்களில் 6,08,470 பேரிடம் உரிய அட்டை இல்லை. வெள்ளையரோடு ஒப்பிட்டால் அட்டை இல்லாத லத்தீனோக்களின் விகிதம் ஏறத்தாழ மூன்று மடங்கு. அதுவரை வழங்கப்பட்ட இலவசச் சான்றிதழ்களோ வெறும் 279!

சரி, 2017-ஆம் ஆண்டுச் சட்டம்? மேல்முறையீட்டு நீதிமன்றமும் பழைய சட்டத்தின் விளைவு பாரபட்சமானது என்று சொன்ன பிறகு வந்தது இது. அட்டை வாங்க முடியாத காரணத்தை எழுதிக் கையெழுத்திட்டு, மின்கட்டண ரசீதோ வங்கிக் கணக்கு அறிக்கையோ காட்டி ஓட்டுப் போடலாம். நல்ல மாற்றம்தான். ஆனால் பொய்யாகக் கையெழுத்திட்டால் சிறை என்ற எச்சரிக்கையும் கூடவே வருகிறது. ஆங்கிலம் தடுமாறும் ஒரு பாட்டி அந்தத் தாளைப் பார்த்துப் பேசாமல் திரும்பிப் போய்விட வாய்ப்பிருக்கிறது. மாற்றம் போதாது என்று வாதிகள் சொன்னதால் வழக்கு நீடித்தது. 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் புதிய சட்டத்தை ஏற்றுக்கொண்டது.

இரண்டில் எது என்றால் தயங்காமல் 2017 என்பேன். ஆனால் எனக்குப் பிடித்த வழி எல்லைக்கு அப்பால், மெக்சிகோவில் இருக்கிறது. அங்கே தேர்தல் ஆணையமே படம் போட்ட வாக்காளர் அட்டையை இலவசமாகத் தருகிறது. வங்கிக்குப் போனாலும் மக்கள் அதைத்தான் நீட்டுகிறார்கள். டெக்சாஸ் அட்டையைக் கட்டாயமாக்கியது. அதைக் கையில் சேர்க்கும் வேலையை மட்டும் வாக்காளர் தலையில் கட்டிவிட்டது. லூலாக்கும் லூபேயும் நீதிமன்றம் ஏறியது அதற்காகத்தான்.