கொழும்பில் டிவி வொரண்டி சேவை: அட்டையில் இருப்பதும் இல்லாததும்

கொழும்பில் விற்கும் டிவிகளோடு வரும் வொரண்டி அட்டையை எடுத்துப் பாருங்கள். இரண்டு வருடம், மூன்று வருடம் என்பது பெரிய எழுத்தில் இருக்கும். பழுதானால் எத்தனை நாளில் திருத்தித் தருவார்கள் என்று தேடினால், பெரும்பாலும் ஒரு வரியும் இருக்காது. இந்தச் சேவையின் மிகப் பெரிய ஓட்டை அதுதான். கெடு இல்லாத வாக்குறுதியை வைத்துக்கொண்டு வாடிக்கையாளர் மாதக்கணக்கில் தொலைபேசி எடுக்கிறார். மறுமுனையில் "பார்ட்ஸ் வரவில்லை" என்ற ஒரே பதில்.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு விலைக்கும் காலி வீதிக் காட்சியறை விலைக்கும் வித்தியாசம் இருக்கிறது. அந்த வித்தியாசத்தில் ஒரு பங்கு வொரண்டிதான். கடை வொரண்டி என்றால் விற்றவரே பொறுப்பு; உற்பத்தி நிறுவனத்தின் உள்ளூர் முகவருக்கு அந்த டிவிப் பெட்டியோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. 32 அங்குலப் பெட்டிக்கு அது போதும், ஏனென்றால் அதற்கான பாகங்கள் பரவலாகக் கிடைக்கும். 55 அங்குலமும் அதற்கு மேலும் வாங்குபவர் முகவர் வொரண்டிக்குக் கூடுதல் காசு கொடுப்பது நல்லது. வாங்கும்போது பில்லில் உள்ள தொடர் இலக்கம், டிவியின் பின்பக்க ஸ்டிக்கரில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று கடையிலேயே பாருங்கள். ஒரு இலக்கம் மாறியிருந்தாலும் பிறகு அதைச் சொல்லியே கையை விரிப்பார்கள்.

திருத்தம் ஏன் இழுபடுகிறது என்பது எந்தப் பாகம் போனது என்பதைப் பொறுத்தது. அதை வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். சத்தம் வருகிறது, திரை கறுப்பு என்றால் அறையை இருட்டாக்கி, டோர்ச்சைத் திரைக்குக் கிட்டச் சாய்வாகப் பிடியுங்கள். படம் மங்கலாகத் தெரிந்தால் போனது பெக்லைட், அதாவது திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் விளக்கு. உள்ளே எல்ஈடி பட்டிகள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால் ஒரு எல்ஈடி அறுந்தாலே அந்த வரிசை முழுவதும் அணைந்துவிடும். பல பெட்டிகளில் பாதுகாப்புச் சுற்று மிச்ச வரிசைகளையும் நிறுத்திவிடும். போன ஒன்றை மட்டும் மாற்றினால், அதே வெப்பத்தில் தேய்ந்த பக்கத்து எல்ஈடி அடுத்ததாகப் போகும். ஆகவே பட்டிகள் முழுவதையும் மாற்றச் சொல்லிக் கேளுங்கள். பிறகு பெக்லைட் அளவை 100இல் விடாமல் 50, 60க்குக் குறைத்து வைத்தால் ஆயுள் கூடும். இது நீண்ட காத்திருப்புக்குரிய வேலையே அல்ல.

சின்னம் வந்து அப்படியே நிற்கிறது, அல்லது திரும்பத் திரும்ப ஓன் ஆகி ஓஃப் ஆகிறது என்றால் முதல் சந்தேகம் மெயின் போர்டின் நினைவகச் சிப். ஸ்டேன்ட்பை விளக்கே எரியவில்லை என்றால் பவர் போர்ட். உண்மையான தாமதம் பெனலில், அதாவது படம் தெரியும் திரைக் கண்ணாடிப் பகுதியில்தான். திரையில் நிரந்தரமாக நெடுங்கோடு விழுந்தால், பெரும்பாலும் கண்ணாடி விளிம்பில் ஒட்டிய, திரைக்குச் சமிக்ஞை கொண்டுபோகும் நுண்பட்டி விலகியிருக்கும். பெனலையே மாற்ற வேண்டிவரும். ஒரே மாடல் இலக்கத்துக்குள்ளும் வேறு வேறு பெனல் வகைகள் வருகின்றன. தவறான வகையை இறக்கினால் பொருந்தாது, மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். அதனால் "பெனல் ஓர்டர் போட்டாச்சு" என்று சொன்னால், என்ன பெனல் இலக்கம், எந்தத் திகதியில் என்று எழுத்தில் கேளுங்கள். புதிய பெனலின் விலை டிவியின் விலைக்குக் கிட்ட வரும் என்பதால், வேறு பெட்டி மாற்றித் தருமாறு கேட்க இதுவே சரியான இடம்.

வொரண்டியை மறுக்கச் சொல்லப்படும் காரணங்கள் மூன்று: மின்னல், ஈரம், பூச்சி. மின்னல் என்றால் டிஷ் கேபிள், எச்டிஎம்ஐ, லேன் வழியாக வந்த அடிக்கு போர்டில் கருகிய அடையாளம் இருக்கும். அதன் படத்தைக் கேளுங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை போன்ற கரையோர வீடுகளில் உப்புக் காற்றால் ரிப்பன் கேபிள் முனைகளில் துரு பிடிப்பது உண்மைதான். ஆனால் எங்கோ துரு இருக்கிறது என்பதற்காக, அதோடு தொடர்பில்லாத பெக்லைட் பழுதை மறுப்பது நியாயமில்லை. பல்லி, எறும்புக்கும் அதே கேள்விதான்: அது எந்தப் பாகத்தைக் கெடுத்தது? வாய்மொழி மறுப்பை ஏற்றுக்கொள்ளாதீர்கள். காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள்.

பெட்டியை ஒப்படைக்கும்போது கிடைக்கும் ஜொப் ஷீட்தான் உங்கள் கையில் இருக்கும் முக்கிய ஆதாரம். அதில் திகதி, தொடர் இலக்கம், நீங்கள் சொன்ன பழுது, "திரையில் வெடிப்பு இல்லை" என்ற குறிப்பு எல்லாம் இருக்க வேண்டும். பெக்லைட்டை மாற்றப் பெனல் கண்ணாடியைத் தூக்கியெடுக்க வேண்டும்; அப்போது வெடித்தால் பொறுப்பு யாருக்கு என்பதை அந்தக் குறிப்புத்தான் காட்டும். வான் வண்டியில் ஏற்றும்போது நிமிர்த்தியே வைக்கச் சொல்லுங்கள். படுக்க வைத்துக் கொண்டுபோவதால் உடைந்த திரைகள் ஏராளம். பிறகு விற்றவருக்கும் முகவருக்கும் ஒரே மின்னஞ்சல் போடுங்கள்: 14 நாளில் திருத்தம், முடியாவிட்டால் மாற்றுப் பெட்டி அல்லது பணம், திருத்த நிலையத்தில் கிடந்த நாட்களை வொரண்டிக் காலத்தோடு சேர்த்தல். 14 நாள் சட்டம் விதித்த கெடு அல்ல, ஆனால் நீங்கள் ஒரு திகதியைக் குறித்தால்தான் "நியாயமான காலம் கடந்துவிட்டது" என்று பிறகு வாதாட முடியும்.

சட்டம் என்ன தருகிறது? 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், வணிகர் விற்கும் பொருள் விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. பெட்டி முதல் நாட்களிலேயே பழுதானால் திருத்தத்துக்குத் தலையாட்டாமல் "பொருளை நிராகரிக்கிறேன்" என்று உடனே எழுதுங்கள். ஒன்றும் சொல்லாமல் நாளைக் கடத்தினால் ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். பிறகு நட்டஈடு மட்டுமே கேட்கலாம். வெளிப்படையான உடன்பாட்டால் இந்த உரிமைகளை விலக்கவும் முடியும் என்பதால் பில்லின் பின்பக்கத்தை வாசியுங்கள்.

அடுத்தது நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, வொரண்டிக்கு ஒத்துவராத பொருளுக்கு நட்டஈடு, மாற்றுப் பொருள் அல்லது பணத்தைத் திருப்பிக் கொடுத்தல் என்று கட்டளையிடும் அதிகாரம் அதற்கு உண்டு. வழக்கறிஞரைத் தேடாமல் சாதாரண மனிதர் நேரே போகக்கூடிய வழி இது, அந்த வகையில் உண்மையாகவே மதிப்புள்ளது. ஆனால் அதே பிரிவு, விற்பனை அல்லது சேவை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு செய்ய வேண்டும் என்கிறது. மூன்று வருட வொரண்டி விற்கப்படும் சந்தையில் மூன்று மாதக் கெடு எந்த மூலைக்கு? சட்டத்தின் இந்த இடம் திருத்தப்பட வேண்டும். அதுவரை, பிந்திய பழுதுக்குத் திருத்தத்தையே ஒரு சேவையாகக் காட்டி, அந்தத் திகதியிலிருந்து மூன்று மாதத்தை எண்ணி வாதிடலாம். ஜொப் ஷீட்டில் திகதி அவசியம் என்பது இதற்காகவும்தான்.

அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து வழி கேட்கலாம். ஆனால் அழைப்பை மட்டும் நம்பாமல், கொழும்பு 2, வொக்ஸோல் வீதியிலுள்ள தலைமை அலுவலகத்துக்கு எழுத்து முறைப்பாட்டைக் கொடுத்துப் பிரதியில் முத்திரை வாங்குங்கள். தமிழிலேயே எழுதலாம், அரச நிறுவனத்திடமிருந்து தமிழில் பதில் பெறுவது அரசியலமைப்பு தரும் உரிமை. பற்றுச்சீட்டு, வொரண்டி அட்டை, ஜொப் ஷீட், மின்னஞ்சல்கள் எல்லாவற்றின் பிரதிகளையும் இணையுங்கள்; மூலப் பிரதிகளைக் கைவிடாதீர்கள்.

தவணைக்கு வாங்கியவர்களுக்கு ஒன்று. பெட்டி திருத்த நிலையத்தில் கிடந்தாலும் தவணை ஓடிக்கொண்டே இருக்கும். கோபத்தில் கட்டாமல் விட்டால் அந்தப் பாக்கி கடன் தகவல் பணியகத்தில் உங்கள் பெயரில் பதிவாகலாம், நாளை வீட்டுக் கடனுக்குப் போகும்போது அது குறுக்கே நிற்கும். கட்டிக்கொண்டே, டிவி இல்லாத மாதங்களில் கட்டிய தொகையை நட்டஈட்டுக் கோரிக்கையில் தனி வரியாக எழுதுங்கள்.