மேயாலின் மூன்று கிட்டார்க்காரர்கள்: எந்த இசைத்தட்டை வாங்கலாம்?

பிரிட்டிஷ் ப்ளூஸ் கலைஞர் ஜான் மேயாலின் ப்ளூஸ்பிரேக்கர்ஸ் குழுவின் இசைத்தட்டு ஒன்றாவது வீட்டில் இருக்க வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை. இன்றைக்கு எல்பி விற்கிற விலையில் ஒன்றுதான் கட்டுப்படியாகும். அதனால் மூன்று தட்டுகளை ஃபோனில் மாதக்கணக்கில் மாற்றி மாற்றிக் கேட்டேன்: எரிக் கிளாப்டன் வாசித்த 1966 தட்டு, பீட்டர் கிரீன் வாசித்த 'எ ஹார்ட் ரோட்', மிக் டெய்லர் வாசித்த 'குரூசேட்'. பின்னிரண்டும் 1967இல் வந்தவை. கடைசியில் நான் வாங்கியது கிரீன் தட்டு.

மூன்றிலும் பெரும்பாலான பாட்டு, ஆர்கன், ஹார்மோனிகா எல்லாம் மேயால்தான். பேஸ் கிட்டார் ஜான் மெக்வீ, தயாரிப்பு மைக் வெர்னன். டிரம்ஸில் தட்டுக்கு ஓர் ஆள். ஆனாலும் காது போய் நிற்பது கிட்டாரில்தான், அந்த இடத்துக்கு ஒன்றரை வருஷத்துக்குள் மூன்று பேர் வந்துவிட்டார்கள்.

ஒப்பிடுவதற்கு ஒரு வசதி இருக்கிறது. அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ஃப்ரெடி கிங்கின் வாத்திய இசை ஒன்று மூன்று தட்டிலும் உண்டு. கிளாப்டனுக்கு 'ஹைடவே', கிரீனுக்கு 'தி ஸ்டம்பிள்', டெய்லருக்கு 'டிரைவிங் சைட்வேஸ்'. மூன்றையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

கிளாப்டன் தட்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அட்டையில் அவர் 'பீனோ' சித்திரக்கதைப் புத்தகம் படித்துக்கொண்டிருப்பார். லெஸ் பால் கிட்டாரை மார்ஷல் ஆம்பில் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் கருவி) செருகி, மேடையில் வைக்கிற சத்தத்தையே ஸ்டூடியோவிலும் வைத்து வாசித்தார். பின்னால் வந்த ராக் கிட்டார் ஒலிக்கு அது அஸ்திவாரம். தட்டு பிரிட்டனில் ஆறாம் இடம் வரை போனது. முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை தரம் இறங்காத தட்டு என்றால் மூன்றில் இதுதான், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் எல்லா இடத்திலும் முழு வேகம், முழு அழுத்தம். இரண்டாம் தடவை தொடர்ந்து கேட்கும்போது எனக்குக் காது களைத்துவிடுகிறது. நான் கேட்டது ஸ்டீரியோ பதிப்பு மட்டும். மோனோவில் கேட்டவர்கள் வேறு மாதிரி சொல்லக்கூடும்.

குரூசேட் 1967 ஜூலையில் ஒரே நாளில் பதிவானது. டெய்லருக்கு அப்போது வயது பதினெட்டு. சாக்ஸபோன்கள் சேர்ந்து ஒலி கனமாகியிருக்கிறது, கிட்டார் எண்ணெய் வழிவதுபோல வழுக்கிக்கொண்டு போகிறது. மற்ற இரண்டையும் கேட்ட அளவுக்கு இதைக் கேட்கவில்லை என்பதால் தீர்ப்பாக எதுவும் சொல்ல மாட்டேன்.

சரி, கிரீனுக்கு வருவோம். 1966 கோடையில் கிளாப்டன் 'கிரீம்' என்ற குழுவைத் தொடங்கப் போய்விட்டார். அடுத்த தட்டுக்கான பதிவுக்கு வந்த வெர்னன், ஸ்டூடியோவில் வேறு ஆம்ப் இருப்பதைப் பார்த்து எரிக் எங்கே என்று கேட்டாராம். அவர் போய்விட்டார், அவரைவிட நல்ல ஆளைப் பிடித்துவிட்டேன் என்றாராம் மேயால். வெர்னன் பின்னாளில் சொன்ன கதை இது. அந்த ஆளுக்கு அப்போதுதான் இருபது வயது ஆகப்போகிறது.

கிரீனே எழுதிய 'தி சூப்பர்நேச்சுரல்' என்ற வாத்திய இசைதான் என்னை முடிவெடுக்க வைத்தது. மூன்று நிமிஷம்தான். ஒரே ஒரு சுரத்தைப் பிடிக்கிறார், பிடித்தபடியே நிற்கிறார். மீட்டிய கம்பி இயல்பாக அடங்கியிருக்க வேண்டும். ஆனால் ஆம்பிலிருந்து வரும் சத்தமே கம்பியைத் திரும்ப அதிர வைப்பதால் சுரம் அடங்காமல் நீள்கிறது. அது நீளும்போது கீழே டிரம்ஸ் நடந்துகொண்டே இருக்கிறது. அடுத்த சுரம் எப்போது வரும் என்று நாம் மூச்சைப் பிடித்துக் காத்திருக்கிறோம். நம் கச்சேரி ரசிகர்கள் கார்வை என்பார்களே, அது இதுதான். கிளாப்டன் நான்கு சுரம் போடுகிற இடத்தில் கிரீன் ஒன்றைப் போட்டுவிட்டு மிச்ச இடத்தை நமக்கு விட்டுவிடுகிறார். முப்பதாவது தடவை கேட்டபோதும் அந்த இடம் காலியாக, புதிதாகவே இருந்தது. காசு கொடுத்து வாங்குகிற தட்டு பத்து வருஷம் சுழல வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் கணக்கு.

குறையும் உண்டு. மேயாலின் மெல்லிய குரல் சில பாட்டுகளைத் தூக்கி நிறுத்தப் போதவில்லை. கிரீன் பாடுகிற 'தி சேம் வே' வந்ததும், இவரையே இன்னும் நாலு பாட்டு பாடவிட்டிருக்கலாமே என்று தோன்றும்.

வாசிப்பில் இடம் விட்டவர் பெயரிலும் இடம் விட்டார். 1967இல் அவர் பிரிந்துபோய்த் தொடங்கிய குழுவுக்கு டிரம்ஸ்காரர் மிக் ஃப்ளீட்வுட்டின் பெயரையும் மெக்வீயின் பெயரையும் சேர்த்து 'ஃப்ளீட்வுட் மேக்' என்று வைத்தார். மெக்வீ அப்போது இன்னும் மேயாலிடம் சம்பளம் நிச்சயம் என்று இருந்துகொண்டிருந்தார். அதனால்தான் குரூசேடிலும் பேஸ் அவருடையது. சில வாரம் கழித்துத்தான் தன் பெயர் தாங்கிய குழுவுக்குப் போனார்.

கிட்டார் கற்றுக்கொள்கிறவர் என்றால் கிளாப்டன் தட்டையே வாங்குங்கள், பாடம் அதில்தான் அதிகம். எனக்கு அடுத்த தட்டுக்குக் காசு சேர்ந்தால் குரூசேட். அந்தச் சாக்ஸபோன்களை ஃபோனில் இல்லாமல் நல்ல ஸ்பீக்கரில் ஒருமுறை கேட்க வேண்டும்.