புதுச்சேரியா, தூத்துக்குடியா, போர்ட் பிளேரா? தூண்டிலோடு கடலேறுமுன் ஓர் ஒப்பீடு

பொழுதுபோக்காகத் தூண்டில் போடக் கடலுக்குள் செல்ல விரும்புகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, எங்கே பெரிய மீன் கிடைக்கும் என்பதுதான். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது நான் கேட்கும் முதல் கேள்வி வேறு: மதியக் காற்று எழுந்த பிறகு, களைத்துப்போன நான்கு பேரை ஏற்றிக்கொண்டு, இந்தத் துறைமுகத்துக்குள் படகு எப்படித் திரும்பி வரும்? இந்த ஒரு கேள்வியை வைத்து, சென்னையிலிருந்து திட்டமிடுகிறவர்கள் பெரும்பாலும் எடைபோட்டுப் பார்க்கும் மூன்று இடங்களை இங்கே அருகருகே வைத்துப் பார்க்கிறேன். இராமேசுவரத்தை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. பாக் நீரிணையில் 1974-லும் அதையடுத்து மன்னார் வளைகுடாவில் 1976-லும் ஒப்பந்தங்களால் வகுக்கப்பட்ட எல்லைக்கோடு அங்கே கரைக்கு மிக அருகில் ஓடுகிறது. பிழைப்புக்காகப் போகிற மீனவர்களே அதைத் தாண்டிச் சிறைப்படும் கடலில், பொழுதுபோக்குக்காகத் தூண்டிலை நனைக்க வேண்டிய அவசியம் எதுவுமில்லை.

புதுச்சேரியின் பெரும் கவர்ச்சி அருகாமை. சென்னையிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர். வெள்ளி இரவு கிளம்பி ஞாயிறு காலை வீடு திரும்பிவிடலாம். கடலிலும் அருகாமைதான்: கரையிலிருந்து சில மணி நேர ஓட்டத்துக்குள் வஞ்சிரம், சூரை, பாறை, சீலா ஆகியவற்றுக்குக் குறிவைக்கலாம், அதிர்ஷ்டம் இருந்தால் முதுகுத்துடுப்பைப் பாய்போல விரிக்கும் மயில்மீனையும் காணலாம். (மீன் பெயர்களில் கவனம் தேவை. சென்னைக்காரர் சீலா என்று சொல்வது தூத்துக்குடியில் ஊளி. தூத்துக்குடிக்காரர் சீலா என்று சொல்வது சென்னையின் வஞ்சிரம். தொலைபேசியில் படகு பேசும்போது இதனால் வந்த குழப்பத்தை நானே அனுபவித்திருக்கிறேன்.) ஆழ்கடல் நீச்சல் பயிற்சி நடக்கும் ஊர் என்பதால், விருந்தினரை ஏற்றிச் சென்று பழகிய படகோட்டிகளும் அங்கே உண்டு.

ஆனால் புதுச்சேரியின் பலவீனம் அதன் வாசலில் இருக்கிறது. தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குள் போக அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தைக் கடந்தாக வேண்டும். அந்த முகத்துவாரம் மணல் சேர்ந்து தூர்ந்துபோவதும், தூர்வாரச் சொல்லி மீனவர்கள் கோரிக்கை வைப்பதும் திரும்பத் திரும்ப நடப்பவை. மணல் மேடிட்ட வாசலில், ஆற்றுநீர் வெளியேறும் வற்று நேரத்தில், எதிரே கடலின் ஏற்றலை (தொலைவில் எழுந்து உருண்டுவரும் நீண்ட அலை) உள்ளே வந்தால், அலை செங்குத்தாக எழுந்து உடையும். காலை ஐந்து மணிக்கு வெளியே போகும்போது கண்ணாடிபோல் இருந்த அதே இடம், பகல் ஒரு மணிக்குக் கடல்காற்று எழுந்த பிறகு அடையாளம் தெரியாமல் மாறியிருக்கும். வெளியே போகும் படகு அலையை முகத்தால் சந்திக்கிறது. திரும்பி வரும் படகோ முதுகைக் காட்டிக்கொண்டு வருகிறது. பின்னால் வரும் அலை அதைத் தூக்கிப் பக்கவாட்டில் திருப்பிவிட்டால் கவிழ்வதற்கு ஒரு நொடி போதும்.

ஒரு மார்ச் மாத நண்பகலில் அந்த வாசலுக்கு வெளியே நாங்கள் இருபது நிமிடம் இன்ஜினை மெதுவாக ஓடவிட்டபடி காத்திருந்தோம். எங்களில் ஒருவர் வாந்தியெடுத்துச் சோர்ந்து, ஐஸ் பெட்டியின்மேல் சாய்ந்து கிடந்தார். கரையில் நிற்கும் ஆட்கள் தெளிவாகத் தெரிந்தார்கள். "போயிடலாமே அண்ணே, இதோ இருக்கு கரை" என்று நான் சொன்னேன். படகோட்டி திரும்பிக்கூடப் பார்க்காமல், "பெரிய அலை மூணு சேர்ந்து வருது சார், அது போவட்டும், பின்னாடி கொஞ்சம் வழி விடும்" என்றார். மூன்று அலைகள் போயின. நான்காவதன் முதுகிலேயே படகை வைத்து, அதை முந்தாமலும் பின்தங்காமலும் உள்ளே கொண்டுவந்துவிட்டார். அன்று முதல், படகைப் பார்ப்பதற்கு முன்னால் படகோட்டியோடு பேசுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். "போன வாரம் எந்த நாளில் போகாமல் திரும்பினீர்கள்?" என்று கேட்பேன். எந்த நாளும் திரும்பியதில்லை என்று பெருமையாகச் சொல்கிறவருடைய படகில் நான் ஏறுவதில்லை.

தூத்துக்குடிக்கு வந்தால், வாசல் பிரச்சினை பெரிதும் தணிந்துவிடுகிறது. மன்னார் வளைகுடாவின் கரைத் தீவுகளும் அவற்றைச் சுற்றிய பவளத் திட்டுகளும் அலையின் வேகத்தைக் கரைக்கு வருமுன்பே உடைத்துவிடுகின்றன. மீனும் உண்டு: 'பார்' என்று மீனவர்கள் அழைக்கும் கடலடிப் பாறைத் திட்டுகளின்மேல் களவாய், விளமீன், பாறை, ஊளி ஆகியவை இருக்கும், நுனியில் ஈயம் கட்டிய தூண்டிலை ஆழத்தில் இறக்குவதற்கு நல்ல இடம். முதன்முறை கடலேறுகிறவருக்கு ஏற்ற ஊர் இதுதான் என்று ஒரு காலத்தில் நான் பரிந்துரைத்ததும் உண்டு. இரண்டு காரணங்களால் அந்தப் பரிந்துரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

முதலாவது சட்டம். 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவில் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய ஆழம் குறைந்த கடலும் அடங்கும். அதற்குள் மீன்பிடிக்க அனுமதி இல்லை. வான் தீவு, காசுவார் தீவு போன்றவை தூத்துக்குடியிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரத்திலேயே இருப்பதால், பூங்காவின் எல்லை கடலில் கோடு போட்டுக் காட்டப்படாத நிலையில், வெளியூர்க்காரர் தெரியாமலே உள்ளே போய்விடலாம். ஜிபிஎஸ் கருவியில் அந்த எல்லையை ஏற்கெனவே பதிந்து வைத்திருக்கும் படகோட்டி கிடைத்தால்தான் போக வேண்டும். இரண்டாவது காரணம் படகு. அங்கே நமக்கு எளிதில் கிடைப்பது மீனவர்களின் ஃபைபர் படகு. மீன்பிடிப்பதற்கென்று பதிவான அந்தப் படகு, கட்டணம் வாங்கி விருந்தினரை ஏற்றுவதற்கென்று பதிவானதல்ல. விபத்து நேர்ந்தால் காப்பீடு கைகொடுக்காது என்று எண்ணிக்கொள்வதே விவேகம். தண்டனை என்று ஏதாவது வந்தால் அதைச் சுமப்பவரும் அந்த ஏழைப் படகுக்காரர்தான்.

ஃபைபர் படகைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் செலவைக் குறைக்க நினைக்கிற எல்லோரும் கடைசியில் அங்கேதான் வந்து சேர்கிறார்கள். மீனவர் கையில் அது அருமையான படகு. அலைக்கு வளைந்துகொடுக்கும், மணலில் ஏறும், 9.9 குதிரைத்திறன் இன்ஜின் ஒன்றே அதற்குப் போதும். ஆனால் அந்த 'ஒன்றே' என்பதுதான் சிக்கல். பெயர் சொல்ல விரும்பாத ஒரு கடற்கரைக் கிராமத்திலிருந்து சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு படகில் போனபோது, எரிபொருளில் தண்ணீர் கலந்திருந்ததால் கரையிலிருந்து வெகுதூரத்தில் இன்ஜின் நின்றுபோனது. மாற்று இன்ஜின் இல்லை. உயிர்காக்கும் அங்கிகள் மூன்று இருந்தன, நாங்கள் ஐந்து பேர். அந்த வழியாக வந்த இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்துவரும் வரை இரண்டு மணி நேரம் நீரோட்டத்தில் நகர்ந்துகொண்டே இருந்தோம். அந்த நேரத்தில் கைபேசியில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. மேலும், கைத்தூண்டிலுக்கென்று அமைந்த அந்தக் குறுகிய படகில், மும்முனைக் கொக்கி மாட்டிய செயற்கை இரையை ஒருவர் பின்னோக்கி வீசும்போது, மற்றவர்களின் முகமும் காதும் எங்கே இருக்கின்றன என்று நினைத்துப் பாருங்கள்.

இவற்றுக்கு மாறாக, 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில், வாசல் பற்றிய கவலையே இல்லை. அது இயற்கையான ஆழ்துறைமுகம். முகத்துவாரத்தில் மணல் மேடு கிடையாது. தீவுகள் ஒன்றையொன்று மறைத்து நிற்பதால், ஒரு பக்கம் காற்று அடித்தால் மறுபக்கம் ஒதுங்க இடம் உண்டு. அங்கும், சுயராஜ் தீவு என்று இப்போது அழைக்கப்படும் ஹேவ்லாக்கிலும், தூண்டில் பயணத்தையே தொழிலாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். இரட்டை இன்ஜின், கரையோடு பேச உதவும் வானொலிக் கருவி, ஒலியலை மூலம் ஆழம் காட்டும் கருவி, ஆளுக்கொரு அங்கி ஆகியவற்றை அவர்களிடம் உரிமையோடு எதிர்பார்க்கலாம். 50 கிலோவைத் தொடக்கூடிய ஜயன்ட் ட்ரெவாலி என்னும் பெரும்பாறை மீனுக்காகவும் டாக்டூத் டூனா என்னும் சூரை வகைக்காகவும் உலகின் பல பகுதிகளிலிருந்து ஆட்கள் வருகிறார்கள்; பிடித்ததைப் படமெடுத்துவிட்டுக் கடலிலேயே விடுவது அங்கே பொதுவான வழக்கம்.

ஆயினும் அந்தமானின் ஆபத்து வேறு வகையானது. கரையை விட்டுச் சிறிது தூரம் போனாலே கைபேசி பயனற்றுப்போகும். அதற்கு மாற்றாகச் செயற்கைக்கோள் தொலைபேசியை வெளிநாட்டிலிருந்து வாங்கி எடுத்துச் செல்லலாம் என்று நினைப்பவர்கள், இந்தியாவில் உரிய அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பது குற்றம் என்பதை அறிந்துகொள்ள வேண்டும். வண்டூரை ஒட்டிய மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்கா, ராணி ஜான்சி கடல்சார் தேசியப் பூங்கா, பழங்குடியினருக்கான காப்புப் பகுதிகள் ஆகியவற்றில் தூண்டில் போட முடியாது. வடக்கு சென்டினல் தீவைச் சுற்றி 5 கடல் மைல் தூரத்துக்குள் எவரும் நெருங்கவே கூடாது. அலையாத்திக் காடுகளின் கழிமுகங்களில் உப்புநீர் முதலைகள் உண்டு என்பதால், மீன் கழுவக் கையை நீரில் விடுவது நம் ஊர்ப் பழக்கமாக இருந்தாலும் அங்கே அதை மறந்துவிட வேண்டும். செலவும் புதுச்சேரிப் பயணத்தைப்போலப் பல மடங்கு ஆகும்.

பருவத்தை ஒப்பிட்டால் மூன்று ஊர்களும் ஒரு சிறு இடைவெளியில்தான் ஒத்துப்போகின்றன. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலை நம்ப முடியாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலும் புதுச்சேரி அருகில் கரையைக் கடந்தன. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் கன்னியாகுமரி மீனவர்களைக் கடலிலேயே வாரிக்கொண்டு போனது. ஜனவரியில் வாடைக்காற்று இன்னும் அடங்கியிருக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை. தென்மேற்குப் பருவத்தில் தூத்துக்குடிக் கடலைக் கச்சான் காற்று கலக்கிக்கொண்டிருக்கும். அந்தமானிலும் மே மாதத்திலேயே மழை தொடங்கிவிடும். எஞ்சுவது பிப்ரவரியும் மார்ச்சும், ஏப்ரலின் முதல் பாதியும்.

அந்த மாதங்களிலும் வானிலை அறிக்கையை எப்படிப் படிக்கிறோம் என்பது முக்கியம். 'மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசக்கூடும், மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்' என்ற வாசகம் நமக்கெல்லாம் மனப்பாடம். அந்த எச்சரிக்கை வரவில்லையென்றால் கடல் அமைதி என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அப்படியில்லை. மணிக்கு 28 கிலோமீட்டர் காற்றிலேயே கடலெங்கும் வெள்ளை நுரை பூத்துவிடும். முப்பது அடிப் படகில் பழக்கமில்லாதவருக்கு அதுவே எல்லை. துறைமுகத்தில் எண் 1 கூண்டு ஏற்றியிருந்தால் புயல் தொலைவில்தானே இருக்கிறது என்று வாதிடுவோரும் உண்டு. காற்றில்லாத நாளிலும் தொலைதூரப் புயலின் ஏற்றலை முகத்துவாரத்தை வந்து அறையும் என்பதுதான் அதற்கு விடை. ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் வெளியிடும் அலை உயர முன்னறிவிப்பை முந்தைய நாள் மாலையும், கிளம்பும் காலையும் இருமுறை பார்ப்பது என் வழக்கம்.

எங்கள் அணியில் இந்த முறை நால்வர்; இருவர் கடலையே மெரினாவில் நின்று மட்டும் பார்த்தவர்கள். எனவே முதல் பயணம் புதுச்சேரி, பிப்ரவரி இறுதியில், அரை நாள் மட்டும்: விருந்தினரை ஏற்ற அனுமதி பெற்ற, இரண்டு இன்ஜின் கொண்ட படகு, முகத்துவாரத்தின் ஆழத்தை முந்தைய நாளே நேரில் கேட்டறிவது, எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு தொடாமல் வைப்பதற்கு, காற்று எழுவதற்கு முன், பதினொரு மணிக்குள் வாசலுக்குள் நுழைந்துவிடுவது. அதில் இருவரும் தேறினால், அடுத்த ஆண்டுக்குப் பணம் சேர்த்துக்கொண்டு போர்ட் பிளேர். தூத்துக்குடிக்கு, முறையாகப் பதிவான விருந்தினர் படகு கிடைக்கும் நாளில் போய்க்கொள்ளலாம்.

பெட்டியில் கொக்கி வெட்டும் குறடு ஒன்று, வெந்நீர்க் குடுவை ஒன்று. கெளுத்தி, திருக்கை ஆகியவற்றின் முள் குத்தினால் பொறுக்கும் சூட்டில் உள்ள நீரில் கையை மூழ்க வைப்பதே முதல் உதவி. குமட்டல் மாத்திரையைக் கரையிலேயே, கிளம்ப ஒரு மணி நேரத்துக்கு முன் போட்டுக்கொள்ள வேண்டும். தூண்டிலில் பேத்தை மீன் மாட்டினால் சமையலுக்கு வேண்டாம், விட்டுவிட வேண்டும். அதன் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. வீட்டில் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டுப் போகும் தாளில் படகின் பதிவு எண், படகோட்டியின் கைபேசி எண், போகும் திசை, திரும்பும் நேரம் ஆகியவை இருக்கும். அதன் கீழே, பிற்பகல் இரண்டு மணி வரை என்னிடமிருந்து அழைப்பு வராவிட்டால் கடலோரக் காவல் படையின் 1554-ஐ அழைக்கவும் என்று எழுதியிருக்கும்.