மேக்சல்ஃப்: இடுப்பு ஊசியா, நரம்பு ஊசியா?

கர்ப்ப கால வலிப்புக்கு எந்த மருந்து என்ற வாதம் 1995-லேயே முடிந்துவிட்டது. அந்த ஆண்டு வெளியான பன்னாட்டு ஆய்வில் டயஸிபாம், ஃபெனிடாய்ன் இரண்டையும் மக்னீசியம் சல்பேட் (மேக்சல்ஃப்) தெளிவாக முந்தியது. பி.பி. ஏறியவர்களுக்கு முன்கூட்டியே கொடுத்தாலும் வலிப்பு வரும் ஆபத்து பாதிக்கு மேல் குறைகிறது என்று 2002-ல் மேக்பை ஆய்வு காட்டியது. லேபர் வார்டில் இன்னும் ஓயாத பேச்சு வேறு: இந்த மேக்சல்ஃபை இடுப்பில் போடுவதா, நரம்பில் (ரத்த நாளத்தில்) ஏற்றுவதா?

இடுப்பு ஊசி முறை அமெரிக்காவின் டல்லஸ் நகரில், பார்க்லேண்ட் மருத்துவமனையில் ஜாக் பிரிட்சார்ட் வகுத்தது. முதலில் 4 கிராம் நரம்பில் மெதுவாக. கையோடு பக்கத்துக்கு 5 கிராம் வீதம் 10 கிராம் இடுப்பில். அதன்பின் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை 5 கிராம், பக்கம் மாற்றி மாற்றி. ஃபிரெடரிக் ஜுஸ்பான் முறையில் எல்லாமே நரம்பு வழிதான்: 4 கிராம் லோடிங் (முதல் டோஸ்), பிறகு மணிக்கு 1 கிராம். பிரசவம், கடைசி வலிப்பு இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து 24 மணி நேரம் மருந்து தொடர வேண்டும் என்பது இரண்டுக்கும் பொது. நடுவில் மறுபடி வலிப்பு வந்தால் நரம்பில் 2 கிராம் என்பதும் பொது.

இடுப்பு ஊசியின் பெரிய குறை, வலி. 50 சதவீத ஆம்பூல் 2 மில்லியில் 1 கிராம்தான் இருக்கும். 5 கிராமுக்கு ஐந்து ஆம்பூல் உடைத்தால் சிரிஞ்சில் 10 மில்லி நிற்கும். அத்தனையும் ஒரே பக்கத்துச் சதைக்குள் ஆழமாகப் போக வேண்டும். அதே சிரிஞ்சில் மரத்துப்போக வைக்கும் 2 சதவீத லிக்னோகெய்ன் 1 மில்லி சேர்த்தால் ஓரளவு தாங்குவார்கள். அவசரத்தில் அதைத்தான் முதலில் மறக்கிறோம். சிசேரியன் தையலோடு படுத்திருப்பவரை 4 மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் போடுவதும் லேசான வேலை இல்லை. போட்ட இடம் கட்டிக்கொள்ளும், சிலருக்குச் சீழும் பிடிக்கும். பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) இறங்கியவருக்கு இந்த முறையே கூடாது. சதைக்குள் ரத்தம் கட்டிவிடும். இவற்றைவிட முக்கியம், போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. மருந்து வெளியேறும் வழியான சிறுநீர் நின்றுபோனாலும் உள்ளே இருக்கும் 5 கிராம் ரத்தத்தில் கலந்துகொண்டேதான் இருக்கும்.

நரம்பு வழியில் அந்தக் கவலை குறைவு. ஆபத்து தெரிந்ததும் நிறுத்தலாம். சிறுநீரகம் மந்தமானால் மருத்துவரிடம் கேட்டு வேகத்தைக் குறைக்கலாம். ஆனால் இதற்கு சிரிஞ்ச் பம்ப் வேண்டும். 20 மில்லி மருந்தோடு 30 மில்லி சலைன் சேர்த்தால் 50 மில்லியில் 10 கிராம். பம்பில் மணிக்கு 5 மில்லி வைத்தால் 1 கிராம். கணக்கு அவ்வளவுதான், உள்ளே போகும் தண்ணீரும் குறைவு. பி.பி. கேஸுக்கு மணிக்கு 80 மில்லிக்கு மேல் திரவம் ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் பயம் இருப்பதால் இது சின்ன லாபம் இல்லை.

பம்ப் இல்லாமல் அதே 10 கிராமை அரை லிட்டர் பாட்டிலில் கலந்து சாதாரண செட்டில் தொங்கவிட்டால் கதையே மாறிவிடும். மணிக்கு 50 மில்லி போக நிமிடத்துக்குப் பதினாறு, பதினேழு சொட்டு. முழங்கை மடங்கினால் சொட்டு நிற்கும். துணைக்கு வந்தவர் “மெதுவா இறங்குது சிஸ்டர்” என்று சொட்டின் வேகத்தை மாற்றும் உருளையைத் தானே தள்ளிவிட்டால் பாட்டில் மளமளவென்று காலியாகும். ஒரு ஸ்டாஃப் நர்ஸ் மொத்த வார்டையும் பார்க்கும் இரவு டியூட்டியில் இதை யார் எண்ணிக்கொண்டு நிற்பது? பம்ப் இருந்து, மணிக்கொருமுறை கட்டிலருகே போக ஆளும் இருந்தால் ஜுஸ்பான். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் பிரிட்சார்டே மேல் என்பேன். கையால் எண்ணும் சொட்டு, இரண்டு முறைகளையும்விட மோசம்.

கண்காணிப்பு எந்த வழிக்கும் ஒன்றே. முழங்கால் ரிஃப்ளெக்ஸ் (முட்டிக்குக் கீழே தட்டினால் கால் உதறுவது) இருக்க வேண்டும், மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையக் கூடாது, சிறுநீர் மணிக்கு 30 மில்லியாவது வர வேண்டும். மருந்து மிஞ்சும்போது முதலில் மறைவது ரிஃப்ளெக்ஸ். மூச்சு அடங்குவது அதற்குப் பிறகுதான். அந்த இடைவெளியில் பிடித்துவிட்டால் உயிருக்குப் பயமில்லை. தட்டிப்பார்க்கச் சுத்தியல் இல்லையென்றால் உள்ளங்கை விளிம்பே போதும். மேக்சல்ஃப் மிஞ்சினால் போடும் மாற்று மருந்தான 10 சதவீத கால்சியம் குளுக்கோனேட் 10 மில்லி கட்டிலருகே ட்ரேயில் இருக்க வேண்டும், பூட்டிய அலமாரியில் இருந்து பயனில்லை. இடுப்பு ஊசி முறையில் ஒரு மறைமுக நன்மை உண்டு: ஒவ்வொரு டோஸுக்கும் முன்னால் இந்த மூன்றையும் பார்த்தே தீர வேண்டும். பம்ப் ஓடும்போது ‘அதுதான் ஓடுதே’ என்ற மெத்தனம் வந்துவிடுகிறது.

நம் பெண்களின் எடைக்கு டல்லஸ் அளவு அதிகம் இல்லையா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வங்கதேசத்தில் டாக்கா முறை என்றே ஒன்று உண்டு; தொடர் டோஸ் பாதிதான், 2.5 கிராம். ஆனால் உங்கள் மருத்துவமனை நெறிமுறையில் இல்லாததை வார்டில் நாமாகக் குறைக்கக் கூடாது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்த வாதத்துக்கே இடமில்லை. பக்கத்துக்கு 5 கிராமாக 10 கிராம் இடுப்பில் போட்டு, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ல் ஏற்றிவிட வேண்டும். ரெஃபரல் சீட்டில் எவ்வளவு, எத்தனை மணிக்கு, ரிஃப்ளெக்ஸ் இருந்ததா என்ற மூன்றையும் எழுதுங்கள். இந்த வரி இல்லாமல் வரும் கேஸுக்கு பெரிய ஆஸ்பத்திரியில் மறுபடி முழு 14 கிராமும் போட்டுவிட வாய்ப்பு உண்டு.